செயலே சான்று

ஒருவர் கற்ற கல்வியை மதிப்பெண் பட்டியல் காட்டும். பெற்ற பட்டத்தைச் சான்றிதழ் காட்டும். ஆனால், இடர் வந்தபோது அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதைக் காட்டும் சான்றிதழ் எதுவும் இல்லை. அதை அவரே தம் வாயால் எடுத்துரைத்தாக வேண்டும். பொறியியல், வடிவமைப்புத் துறைகளில் பணி தேடுவோர் எதிர்கொள்ளும் நடத்தைசார் நேர்காணல், அவ்வாறு எடுத்துரைப்பதற்கான களமாகும். அக்களத்திற்கு ஆயத்தமாகும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

ஒன்பதாம் இடம்

இராமேசுவரத்தில் பிறந்து, சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. எனும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பயின்ற இளைஞர் ஒருவர், இரண்டு நேர்காணல்களுக்காக வடநாடு சென்றார். முதலாவது, தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவு நடத்தியது. அடுத்தது, டேராடூனில் விமானப்படை நடத்தியது. தில்லியில் வினாக்கள் பாடம் சார்ந்தே அமைந்தன. அவர் எளிதாக விடையளித்தார். டேராடூனிலோ அறிவைக் காட்டிலும் ஆளுமைக்கே முதன்மை தரப்பட்டதாக அவர் உணர்ந்தார். அங்குப் பங்கேற்ற 25 பேரில் அவருக்கு ஒன்பதாம் இடம் கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோ 8 பேர்.

அந்த இளைஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். தில்லியில் கிடைத்த பணியில் சேர்ந்த அவர், பின்னாளில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலத் திட்டத்தின் இயக்குநரானார். 2002ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரானார். அக்னிச் சிறகுகள் என்னும் தன்வரலாற்று நூலில் இந்நிகழ்வை அவர் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

நேர்காணல் இருவகைப்பட்டது என்பது இதனால் விளங்கும். ஒன்று, ஒருவருக்கு என்ன தெரியும் என்று ஆராய்வது. மற்றொன்று, அவர் எத்தகையவர் என்று ஆராய்வது. பாடநூல் முதல்வகைக்கு உதவும். இரண்டாம் வகைக்கு அவர் வாழ்ந்த வாழ்க்கையே பாடநூல்.

இறந்தகாலத்தில் கேட்கப்படும் வினா

‘குழுவில் கருத்து வேறுபாடு ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்?’ என்பது ஒரு வினா. ‘குழுவில் கருத்து வேறுபாடு ஏற்பட்ட ஒரு நிகழ்வைக் கூறுங்கள். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை எதிர்கால வினைமுற்றில் அமையும். ‘அனைவர் கருத்தையும் கேட்பேன், பொறுமை காப்பேன்’ என்று யாரும் கூறிவிடலாம். பின்னதற்கு விடை இறந்தகால வினைமுற்றில்தான் அமைய முடியும். கேட்டவரே ‘கேட்டேன்’ எனவும், பொறுத்தவரே ‘பொறுத்தேன்’ எனவும் கூற இயலும். இவ்வாறு, நடந்த நிகழ்வைக் கேட்டு அதன்வழி ஒருவரின் இயல்பை அறிய முயலும் வினாவே நடத்தைசார் வினா எனப்படும்.

இம்முறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் பிளனகன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க வான்படைப் பயிற்சியில் தோல்வியுற்று நீக்கப்பட்டவர்களின் பதிவுகள் ஆராயப்பட்டன. நீக்கத்திற்குக் காட்டப்பட்ட காரணங்கள், ‘பறப்பதற்குரிய இயல்பான ஆற்றல் இல்லை’, ‘முடிவெடுக்கும் திறன் குறைவு’ என்பன போன்ற பொதுச்சொற்களாகவே இருந்தன. அவற்றைக் கொண்டு யாரையும் திருத்தவோ தேர்ந்தெடுக்கவோ இயலவில்லை. எனவே, ‘அவர் எந்த நேரத்தில், எந்தச் சூழலில், என்ன செய்தார்?’ என்று குறிப்பிட்ட நிகழ்வுகளைத் திரட்டும் முறை உருவானது. 1954ஆம் ஆண்டு பிளனகன் இம்முறையை விளக்கி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பின்வந்த அறிஞர்கள் இதனை வேலைக்கான நேர்காணலுக்கு ஏற்ப வளர்த்தெடுத்தனர்.

பாலம் கட்டும் பொறியாளர் ஒரு கணக்கில் ஐயுற்றால் அதை வெளிப்படையாகக் கூறுவாரா? செயலியை வடிவமைப்பவர் பயன்படுத்துவோரின் குறையைச் செவிகொடுத்துக் கேட்பாரா? இவை பிறர் உயிரையும் உடைமையையும் தொடும் வினாக்கள். ஆதலால்தான் இத்துறைகளில் அறிவோடு நடத்தையும் எடைபோடப்படுகிறது.

தெரியுமா?

முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. வயது, நிலவுடைமை, கல்வி ஆகியவற்றோடு கடந்தகால நடத்தையும் அங்குத் தகுதியாகக் கருதப்பட்டது. முன்பு வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் போட்டியிடத் தகுதியற்றவராக விலக்கப்பட்டார்.

விடையின் நான்கு உறுப்புகள்

நடத்தைசார் வினாவுக்கான விடை ஒரு சிறு கதையைப் போன்றது. அதற்குச் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என நான்கு உறுப்புகள் உண்டு. இவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை ‘ஸ்டார் முறை’ என வழங்குவர். கலாம் தம் மாணவப் பருவத்தைப் பற்றிக் கூறும் ஒரு நிகழ்வில் இந்நான்கும் தெளிவாக அமைந்துள்ளன.

சூழல்: கலாமும் அவருடைய வகுப்புத் தோழர் நால்வரும் தாழப் பறந்து தாக்கும் வானூர்தி ஒன்றை வடிவமைக்கும் பணியில் ஈடுபட்டனர். கல்வி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் சீனிவாசன் பணியைப் பார்வையிட்டு, முன்னேற்றம் சிறிதும் நிறைவளிக்கவில்லை என்றார். கலாம் ஒரு மாதக் கால நீட்டிப்புக் கேட்டார். பேராசிரியரோ மூன்று நாள்களே அளித்தார். அதற்குள் முடிக்காவிட்டால் கல்வி உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் எச்சரித்தார்.

பொறுப்பு: இயக்கு ஆற்றல், கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் கவனித்தனர். வானூர்தியின் காற்றியக்க வடிவமைப்பும் வரைபடமும் கலாமின் பங்கு.

செயல்: உதவித்தொகையே அவருடைய படிப்புக்கு உயிர்நாடி. அவர் இரவு உணவையும் உறக்கத்தையும் தவிர்த்து வரைபலகையின் முன் நின்று பணியாற்றினார்.

விளைவு: குறித்த காலத்திற்குள் பணி முடிவை எட்டியது. நேரில் வந்து பார்த்த பேராசிரியர் அவரைத் தழுவிப் பாராட்டினார்.

இந்நிகழ்வில் கலாம் தம்மைக் ‘கடும் உழைப்பாளி’ என்று கூறிக்கொள்ளவில்லை. உண்ணாமல் உறங்காமல் வரைபலகையின் முன் நின்றதைக் கூறினார். கேட்பவர் மனத்தில் ‘கடும் உழைப்பாளி’ என்னும் சொல் தானே தோன்றுகிறது. நல்ல விடையின் இலக்கணம் இதுவே: பண்பைக் கூறாமல் செயலைக் கூறுதல்.

நான்கு உறுப்புகளுள் செயலுக்கே மிகுதியான நேரம் ஒதுக்க வேண்டும். சூழலை விரித்துக் கூறிச் செயலை ஒரு தொடரில் முடிப்பது பலரும் செய்யும் பிழை. ஒரு விடை இரண்டு அல்லது மூன்று நிமிடங்களில் முடிவது நன்று. இறுதியில், அந்நிகழ்விலிருந்து கற்றுக்கொண்டது யாது என்பதை ஒரு தொடரில் சேர்த்தால் விடை நிறைவுபெறும்.

‘நாங்கள்’ என்னும் திரை

தமிழ் மாணவர் பலருக்கு இம்முறையில் ஒரு தயக்கம் எழுவதுண்டு. தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை எனக் கற்பிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகையால், தாம் செய்த செயலையும் ‘நாங்கள்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் மறைத்துவிடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து காணலாம்.

பொறியியல் மாணவர் நால்வர் இறுதியாண்டுத் திட்டப்பணியாக நிலக்கடலை உடைக்கும் பொறி ஒன்றை உருவாக்குகின்றனர். அவர்களுள் ஒரு மாணவி நேர்காணலுக்குச் செல்கிறார். அவர் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவரே. ‘நீங்கள் எதிர்கொண்ட ஒரு தொழில்நுட்பச் சிக்கலைக் கூறுங்கள்’ என்கிறார் தேர்வாளர். ‘நாங்கள் கடலை உடைக்கும் பொறி செய்தோம். முதலில் சரியாக வரவில்லை. பிறகு சரிசெய்தோம். கல்லூரியில் பாராட்டினார்கள்’ என்று கூறி மாணவி அமைதியாகிறார். இவ்விடையில் பொய் எதுவும் இல்லை. ஆயினும், மாணவி யார் என்பதும் இல்லை.

உண்மையில் நடந்தது வேறு. முதற்சோதனையில் 100 பருப்புகளில் 30 உடைந்து வெளிவந்தன. அவற்றை எண்ணிப் பார்த்தவர் அந்த மாணவியே. உருளைக்கும் அதன் கீழுள்ள சல்லடைக்கும் இடையேயான இடைவெளி குறுகியிருந்தால் பெரிய காய்கள் நசுங்குகின்றன. அகன்றிருந்தால் சிறிய காய்கள் உடையாமலே வெளியேறுகின்றன எனக் கண்டறிந்தவரும் அவரே. காய்களை முதலில் அளவு வாரியாகச் சலித்துப் பிரிக்கலாம் என்றார். சல்லடையைத் தாங்கும் சட்டத்தில் நீள்துளை இட்டு, இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார். மறுசோதனையில் உடைந்த பருப்புகள் 12 ஆகக் குறைந்தன. இவ்வளவும் செய்தவர் ‘பிறகு சரிசெய்தோம்’ என்ற இரு சொற்களில் அனைத்தையும் புதைத்துவிட்டார். திறமையின்மையால் வாய்ப்பை இழப்பது வேறு. திறமையிருந்தும் அதைச் சொல்லாமையால் இழப்பது வேறு. பின்னது பெரிதும் வருந்தத்தக்கது.

இத்தயக்கத்திற்குத் தமிழ் மரபிலேயே தீர்வு உண்டு. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தற்புகழ்ச்சி தகாது எனப் பொதுவாக விலக்குகிறது. எனினும், நான்கு இடங்களில் அது தகும் என ஏற்கிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிர்வாதி தன்னைப் பழிக்கும்போதும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அந்நூலின் கருத்து. முதலாவது இன்றைய பணி விண்ணப்பத்திற்குப் பொருந்தும். இரண்டாவது நேர்காணலுக்குப் பொருந்தும். தேர்வாளர் விண்ணப்பதாரரின் ஆற்றலை அறியாதவர். அறியாதாருக்கு அறிவிப்பது செருக்கு அன்று, கடமை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பிறர் செய்ததைத் தாம் செய்ததாகக் கூறுவது களவுக்கு ஒப்பாகும். ‘சலித்துப் பிரிக்கும் அமைப்பின் வரைபடத்தை என் தோழர் வரைந்தார். இடைவெளியை அளந்து நீள்துளை அமைத்தது என் பணி’ என்று கூறும்போது, ‘நான்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. பிறர் பங்கை மதித்துக் கூறுபவரின் சொந்தப் பங்கும் நம்பப்படும்.

வடிவமைப்பாளரின் விடை

வடிவமைப்புத் துறையில் நேர்காணலுக்குச் செல்வோர் தம் படைப்புத் தொகுப்பையும் உடன் கொண்டுசெல்வர். தொகுப்பு, முடிந்த வடிவத்தைக் காட்டும். அவ்வடிவத்தை அடைந்த வழியைத் தேர்வாளர் அறிய விரும்புவார். ‘பயன்படுத்துவோரின் கருத்தால் உங்கள் வடிவமைப்பை மாற்றிய நிகழ்வு ஒன்றைக் கூறுங்கள்’ என்பது இத்துறையில் கேட்கத்தக்க வினா.

படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக மாத்திரை உறை ஒன்றை வடிவமைக்கும் மாணவரைக் கற்பனை செய்யலாம். காலை, நண்பகல், இரவு ஆகியவற்றைக் குறிக்க அவர் உதயசூரியன், முழுச்சூரியன், நிலவு ஆகிய படங்களை வரைகிறார். உறை அழகாக அமைகிறது, ஆசிரியரும் பாராட்டுகிறார். ஆனால், மாணவர் அதனை முதியவர்களிடம் காட்டியபோது, சிலர் இரண்டு சூரியன்களையும் காலை என்றே எடுத்துக்கொண்டனர். ஒரு வேளை மாத்திரையை இரு முறை உண்ணும் இடர் அதில் இருந்தது. மாணவர் தம் அழகிய படங்களைக் கைவிட்டார். முதியவர்கள் பொழுதை எவற்றால் உணர்கின்றனர் எனக் கேட்டறிந்தார். காலைக்குக் காப்பிக் குவளையும், நண்பகலுக்குச் சோறிட்ட தட்டும், இரவுக்கு விரித்த பாயும் வரைந்து மீண்டும் காட்டினார். குழப்பம் நீங்கியது.

இவ்விடையில் தேர்வாளர் மூன்று செய்திகளை அறிகிறார். அவர் பயன்படுத்துவோரைத் தேடிச் சென்றார். தம் படைப்பின் குறையைக் கண்ணால் கண்டபின் அதைக் காத்து வாதிடவில்லை. மாற்றியதையும் மீண்டும் சோதித்தார். தொகுப்பில் உள்ள இறுதிப்படம் மட்டும் இம்மூன்றையும் சொல்லிவிடாது. ஆகவே, கைவிட்ட முதல் வரைவுகளையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

தவற்றை உரைக்கும் துணிவு

நடத்தைசார் வினாக்களுள் பலரும் அஞ்சுவது, ‘நீங்கள் தோல்வியுற்ற ஒரு நிகழ்வைக் கூறுங்கள்’ என்பதே. தோல்வியே கண்டதில்லை என்பது நம்பத்தகாத விடை. ‘அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை’ என்பது குறையைப் போல வேடமிட்ட புகழ்ச்சி. தேர்வாளர் தேடுவது இவையல்ல. தவறு நேர்ந்தபின் அவர் எங்கே நின்றார் என்பதையே தேடுகிறார்.

1979 ஆகஸ்டு 10 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் முதன்முறையாக ஏவப்பட்டது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கோளாற்றால் அது வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் கலாம். அன்று செய்தியாளர்களை எதிர்கொண்டு பொறுப்பை ஏற்றவரோ, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். குழுவினர் குறையைக் கண்டறிந்து களைந்தனர். 1980 சூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்குமாறு தவான் கலாமையே அனுப்பினார். தோல்வியைத் தாம் ஏற்று வெற்றியைக் குழுவினருக்கு அளித்த தலைமைப் பண்பைக் கலாம் தம் உரைகளில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

தோல்வி பற்றிய விடைக்கு இந்நிகழ்வு வழிகாட்டுகிறது. நேர்ந்தது யாது, அதில் தன் பங்கு யாது, எவ்வாறு காரணம் கண்டறியப்பட்டது, பின் என்ன மாற்றப்பட்டது என்ற வரிசையில் விடை அமைய வேண்டும். பழியைத் தோழர்மீதோ ஆசிரியர்மீதோ சுமத்துபவர், நாளை தம் பணியிடத்திலும் அவ்வாறே செய்வார் எனத் தேர்வாளர் கருதுவது இயல்பு.

ஆயத்தமாகும் வழி

நேர்காணலுக்கு முந்தைய இரவில் நிகழ்வுகளைத் தேடினால் நினைவு கைகொடுக்காது. செய்யும்போதே குறித்து வைப்பதே சிறந்த ஆயத்தம். அறிவியல் கண்காட்சி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், விளையாட்டுக் குழு, வீட்டுத் தொழிலில் செய்த உதவி ஆகிய அனைத்தும் நிகழ்வுகளின் சுரங்கமே. தந்தையின் பட்டறையில் பழுதான மின்னோடியைப் பிரித்துச் சரிசெய்தவர், தமக்கு அனுபவம் இல்லை எனக் கூற வேண்டியதில்லை. நாள், சிக்கல், தாம் செய்தது, அளந்த எண்கள், கற்றது ஆகியவற்றைச் சில வரிகளில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம்.

பணிக்குச் செல்லும் காலத்தில், அக்குறிப்புகளிலிருந்து ஆறு அல்லது எட்டு நிகழ்வுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கருத்து வேறுபாடு, காலநெருக்கடி, தோல்வி, தலைமையேற்றல், புதியதைக் கற்றல், பிறர் கருத்தை ஏற்று மாறுதல் ஆகியவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வேனும் இருத்தல் நன்று. ஒரே நிகழ்வு இரண்டு வினாக்களுக்கும் பொருந்தலாம். அறிவிக்கப்பட்ட பணியின் விளக்கத்தைப் படித்து, அதில் கேட்கப்படும் பண்புகளுக்கு ஏற்ற நிகழ்வுகளை முன்னிறுத்த வேண்டும்.

அடுத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மனத்தில் தெளிவாக இருப்பது வாயில் வரும்போது சிதறுவதுண்டு. நண்பர் ஒருவரைத் தேர்வாளராக அமரச் செய்து பழகலாம். ஆங்கிலத்தில் பேச வேண்டிய நேர்காணலாயினும், நிகழ்வை முதலில் தாய்மொழியில் முழுமையாகச் சொல்லிப் பார்த்தல் நலம். எண்ணம் தெளிந்தபின் மொழி மாற்றம் எளிது. சொற்களை மனப்பாடம் செய்தல் கூடாது. நிகழ்வின் வரிசையை மட்டும் நினைவில் கொண்டால் சொற்கள் தாமே வரும்.

தேர்வாளர் முதல் விடையோடு நிறுத்துவதில்லை. ‘ஏன் அந்த வழியைத் தேர்ந்தீர்கள்? வேறு வழியை எண்ணினீர்களா? எவ்வாறு அளந்தீர்கள்? மீண்டும் செய்தால் எதை மாற்றுவீர்கள்?’ எனத் தொடர்ந்து கேட்பார். செய்தவருக்கு இவை எளிய வினாக்கள். புனைந்தவருக்கு மூன்றாம் வினாவிலேயே நா தடுமாறும். கேட்ட வினாவுக்கு ஏற்ற நிகழ்வு தம்மிடம் இல்லையெனில் அதனை நேர்மையாகக் கூறி, அதற்கு நெருக்கமான வேறொரு நிகழ்வைச் சொல்ல இசைவு கேட்கலாம். அந்நேர்மையும் ஒரு நடத்தையே, அதுவும் எடைபோடப்படும்.

திரும்ப வரும் நாள்

நிலக்கடலைப் பொறி செய்த மாணவிக்கு அடுத்த நேர்காணல் வரும். இம்முறை அவர் புதிதாக எதையும் கற்றுச் செல்ல வேண்டியதில்லை. எண்ணிய பருப்புகளும், அளந்த இடைவெளியும், தம் கையால் இட்ட நீள்துளையும் அவரிடம் முன்பே உள்ளன. அவற்றை உள்ளவாறு உரைத்தால் போதும். கலாமுக்கு டேராடூனில் கிடைத்த ஒன்பதாம் இடம் அவருடைய வாழ்க்கையின் முடிவாகவில்லை. ஒரு நேர்காணல் ஒருவருடைய ஒரு நாளை மட்டுமே அளக்கிறது. ஆயினும், அந்த ஒரு நாளில் பேசுவதற்குப் பல ஆண்டுகளின் செயல் வேண்டும். அச்செயல்களைச் சேர்க்கும் பருவம் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் பங்கேற்ற அறிவியல் கண்காட்சி அல்லது பள்ளி விழா நிகழ்வு ஒன்றைச் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்னும் நான்கு உறுப்புகளாகப் பிரித்து எழுதுக.

2. வகுப்பில் மூவர் கொண்ட குழுவாகப் பிரிந்து, ஒருவர் தேர்வாளராகவும் ஒருவர் விண்ணப்பதாரராகவும் ஒருவர் உற்றுநோக்குபவராகவும் இருந்து, நடத்தைசார் நேர்காணல் ஒன்றை நடத்திக் காட்டுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. நடத்தைசார் வினாவுக்குரிய விடை பெரும்பாலும் அமையும் காலம்
அ) எதிர்காலம் ஆ) நிகழ்காலம் இ) இறந்தகாலம் ஈ) முக்காலமும்

2. தற்புகழ்ச்சி தகும் இடங்களை வரையறுத்துக் கூறும் நூல்
அ) நன்னூல் ஆ) அக்னிச் சிறகுகள் இ) உத்திரமேரூர்க் கல்வெட்டு ஈ) இவற்றுள் எதுவுமில்லை

குறுவினா

1. விடையின் நான்கு உறுப்புகள் யாவை?

2. வடிவமைப்பாளர் தம் முதல் வரைவுகளையும் பாதுகாத்து வைக்க வேண்டுவது ஏன்?

சிறுவினா

1. ‘பிறர் பங்கை மதித்துக் கூறுபவரின் சொந்தப் பங்கும் நம்பப்படும்’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

2. எஸ்.எல்.வி.-3 ஏவுகல நிகழ்வு தோல்வி பற்றிய விடைக்கு வழிகாட்டும் வகையை எழுதுக.

நெடுவினா

‘பண்பைக் கூறாமல் செயலைக் கூறுதலே நல்ல விடையின் இலக்கணம்’ என்பதை உங்கள் வாழ்வில் நிகழ்ந்த ஒரு நிகழ்வுடன் பொருத்திக் கட்டுரைக்க.